அரை மில்லிமீட்டர்

இசோகாய் டிரெய்லரை நிறுத்தியபோது மாலை ஆறரை.
விலாங்கு சுடும் கடைக்காரர், சட்டையெல்லாம் கரிப்புகை.
"கத்துகிறது, ஆனால் போகமாட்டேன் என்கிறது" என்றார்.
நின்றபடி ஓட்டும் ஜெட் ஸ்கீ,
ஒற்றை ஆளுக்கு மட்டும் இடம் கொடுக்கும்
தன்மானக்காரி.

ஹமனா ஏரிக்குள் கடல் வந்து போகும்.
துருவுக்கு இங்கே
தாய்வீடும் மாமியார் வீடும் ஒன்றே.

முதலில் வால்பக்கம் பார்த்தேன்.
பம்ப்பின் வாய்க்குள் டார்ச் அடித்தால்
ஒரு பிடி கடற்புல்
ஷாஃப்ட்டில் சடை பின்னியிருந்தது. கத்தரித்தேன்.
இம்பெல்லரின் மூன்று இதழ்களையும்
விரல் நுனியால் தடவினேன்.
ஒன்றில் மட்டும் சிப்பி கடித்த தழும்பு,
அரத்துக்கு அடங்கியது.
இதழுக்கும் வளையத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டேன்:
பூஜ்யம் புள்ளி மூன்று. குறை சொல்ல ஒன்றுமில்லை.
"புல்தான்" என்றேன்.
இரண்டாயிரம் யென் வாங்கிக்கொண்டேன்.
அவ்வளவு நிச்சயமாகச் சொன்ன அந்தக் குரலை
இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சல்.

மறுநாள் அதே டிரெய்லர், அதே கரிப்புகை.
அவர் திட்டவில்லை.
திட்டாத வாடிக்கையாளர்தான் பொல்லாதவர்,
ஏச்சை நாமே இயற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூடியைக் கழற்றினேன்.
பத்து விநாடி ஓடவிட்டேன், தரையில் அதற்குமேல் கூடாது.
நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப்
பேரிங் உறைமேல் ஊன்றி
பிடியைக் காதெலும்பில் அழுத்தினேன்.
பேரிங் முனகவில்லை.
அதற்குச் சற்று முன்னால்,
அரிசி களைகையில் பாத்திரத்தடியில் கல் உரசுவது போல,
டக். டக்டக்.
டக்.

கப்ளருக்குக் கீழே கறுப்புப் பொடி.
எண்ணெய் அழுக்கு என்று துடைத்தேன்; விரலில் உருண்டது,
ரப்பர்.
ஆறு கால் டேம்ப்பரில் மூன்றரைக் கால்தான் மிச்சம்.
ஷாஃப்ட்டை உருவினால்
பல்வரிசை முழுக்க மழுங்கிப்போய், சோப்பு போல.
இன்ஜின் சுழன்று சுழன்று சொல்லியிருக்கிறது,
ஷாஃப்ட் கேட்டுக்கொள்ளவில்லை.

புதுசு மாட்டினால் தீர்ந்தது என்பது பாதி வேலை.
எது தின்றது?
கப்ளரின் இரண்டு பாதிகள்மேலும்
இரும்பு அளவுகோலைச் சாத்திவைத்து
பின்னாலிருந்து டார்ச் அடித்தேன்.
ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தது,
நூல் அளவு.
இன்ஜின் இடப்பக்கமாய்த் தாழ்ந்திருந்தது.

மூன்று கோடைக்கு முன் இதை ஏற்றியது யார்?
இந்தப் பட்டறையில் கைகள் இரண்டே,
இரண்டும் என்னுடையவை.

பிஸ்கட் டப்பாவை மேசையில் கொட்டினேன்.
வாஷர்கள், கிளிப்புகள், எந்த வண்டிக்கும் ஆகாத நட்டுகள்,
அடியில் ஒரு தகடு, அரை மில்லிமீட்டர்.
ஒட்டியிருந்த நாடாவில் என் கையெழுத்து:
"இசோகாய். முன் இடது. மறக்காதே."

அன்று மழையா, போன் வந்ததா, நினைவில்லை.
மூன்று கோடையும் அவர்
முழங்கால் நடுங்க நடுங்க ஓட்டியிருக்கிறார்,
அது வண்டியின் குணம் என்று பழகியிருக்கிறார்.

தகட்டை அதன் இடத்தில் வைத்தேன்.
போல்ட்டுகளை இறுக்கினேன், மனம் ஒப்பவில்லை,
தளர்த்தி மறுபடி இறுக்கினேன்.
அளவுகோல். டார்ச்.
இருட்டு.
இவ்வளவு நல்ல இருட்டை நான் பார்த்ததே இல்லை.

காலை ஏற்றத்தில் இறக்கினோம்.
பென்தென்ஜிமாவின் சிவப்புத் தோரி வாயில் வரை
நேர்கோடாய்ப் போனார்,
திரும்பும்போது ஒரு கையை விட்டுவிட்டு வந்தார்.

பில்லில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு.
வழக்கமாகத் 'தேய்மானம்' என்று எழுதுவேன்.
'நான்' என்று எழுதினேன்,
தொகைக்கு நேரே கோடு போட்டேன்.

ஈரக் கையால் வாங்கிப் படித்தார்.
இரண்டு முறை படித்தார்.
"அப்போ முந்தாநாள் கொடுத்த இரண்டாயிரம்?"

"புல் இருந்தது நிஜம்" என்றேன்.